வளவுக்குள் முடிந்த ஓட்டம்

ஆறு மாதமாகியும் என் கணவர் ஜெயந்தனின் மோட்டார் சைக்கிள் வீடியோ சனலுக்கு நூற்று நாற்பத்தொரு பேர்தான். அதில் பாதி சொந்தக்காரர், மீதி கெஞ்சிச் சேர்த்தவர்கள். ஹெல்மெட்டில் கமராவைப் பூட்டிக்கொண்டு, டயர், எஞ்சின் என்று விளக்கம் சொல்லியபடி ஆனையிறவுப் பக்கம் பறப்பார். பார்க்கத்தான் ஆளில்லை.

பிறகு லண்டனிலிருந்து ஒருவர், தங்கள் துணுக்காய் வீதியால் ஒருக்கா ஓடிக் காட்டும்படி எழுதினார். இவரும் எஞ்சின் கதையை விட்டுவிட்டு, மதகு, கோயில், பள்ளிக்கூடம் என்று பெயர் சொல்லிச் சொல்லி ஓடினார். ஒரே கிழமையில் இரண்டாயிரம் பேர் சேர்ந்தார்கள். பாரிசிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் வீதி கேட்டு எழுதினார்கள். இன்னும் மெதுவாக ஓடு என்பதுதான் எல்லோருடைய முறைப்பாடும். ஐயாயிரம் பேர் சேர்ந்தால் விளம்பரம் தருவதாகக் கிளிநொச்சியில் ஒரு கடைக்காரர் சொல்லியிருந்தார். இரண்டு போகம் வெள்ளத்தில் போன எங்களுக்கு அது ஒன்றுதான் பிடி.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நாங்கள் கமராவால் கெட்டோம். மல்லாவி வீதியால் ஓடிய அன்று இவர் கமராவை நிறுத்தாமலே வீட்டுக்கு வந்து, வளவை ஒரு சுற்றுச் சுற்றிக் கிணற்றடியில் நின்றார். மூன்று நாளில் முப்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அன்றுதான் நானும் முழுதாகப் பார்த்தேன். வேலியோரம் தேக்கின் அடிக்கட்டை தெரிந்தது. மரம் அரியும் வாளால் அறுத்த முகம், வழவழவென்று.

அந்த வளவு எங்களுடையதல்ல. கனடாவில் இருக்கும் தங்கராசா மாமாவுடையது. இவருடைய தாய்மாமன். இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டவர், வாடகை கேட்டதில்லை. கேட்டது ஒன்றுதான்: விமலேஸ்வரி மாமி கலியாணம் முடித்து வந்த வருடம் நட்ட தேக்கில் கை வைக்கக் கூடாது. அதை அறுத்து விற்றுத்தான் இந்த மோட்டார் சைக்கிளையே எடுத்தோம். புயலில் சாய்ந்துவிட்டது என்று மாமாவுக்குச் சொன்னவள் நான். இவருக்குப் பொய் சொன்னால் நாக்குத் தடுமாறும். மாமி வருத்தக்காரி, அடிக்கடி ஆசுபத்திரி, தாங்கமாட்டார், அவருக்குச் சொல்லவேண்டாம் என்றார் மாமா. நல்லதாகப் போயிற்று என்று அப்போது நினைத்தேன்.

மாமா இதைப் பார்த்துவிட்டால்? வளவை விட்டு எழும்பு என்று அவர் ஒரு சொல் சொன்னால் இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவது? வீடியோவை அழிக்கச் சொன்னேன். முப்பதாயிரம் பேர், முப்பதாயிரம் பேர் என்று இவர் அதையே சொன்னார். வீடு போனால் சனலை எந்தக் கூரைக்குக் கீழே வைத்து நடத்துவீர்கள் என்று கேட்டேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அழித்தார்.

அடுத்த நாள் கனடாவிலிருந்து மாமா அழைத்தார். போனை நான்தான் தூக்கினேன்.

"கஜனி, அந்த வீடியோவை ஏன் அழிச்சனீங்கள்? மாமி ஆசுபத்திரியால வந்தவுடன காட்டுவமெண்டு இருந்தனான்."

வேலிப் பக்கம், புயல் என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"காத்து வாள் கொண்டு வாறேல்லைப் பிள்ளை," என்றார். கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "எனக்குத் தெரிஞ்சது என்னோட இருக்கட்டும். அடிக்கட்டை வாற இடத்தை எடுத்துப்போட்டுத் திரும்பப் போடச் சொல்லு. அவ கிணத்தைப் பாக்கட்டும்."

வளவை விட்டு எழும்பச் சொல்லவில்லை. நான் குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதேன். அது வெட்கமா ஆறுதலா என்று எனக்கே தெரியவில்லை.

இவர் வேலிப் பக்கத்தை நீக்கித் திரும்ப ஏற்றினார். அந்த வீடியோவைப் பார்த்தவர்களின் கணக்கு மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கியது. நாலாம் நாள் காலை கத்திக்கொண்டு ஓடி வந்தார்: சனலில் சேர்ந்தவர்கள் ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். எப்படி என்று கேட்டேன். கருத்துகளில் மேலே நின்றதைக் காட்டினார். மாமி எழுதியிருந்தார்.

"தம்பி, என்ர கிணத்தைக் கண்டன், சந்தோசம். வேலிப் பக்கம் ஏன் காட்டேல்லை? நான் வந்த வருசம் வச்ச தேக்கு அங்கதான் நிக்குது. இப்ப எவ்வளவு வளந்திட்டுது?"

அதற்குக் கீழே முன்பின் தெரியாத இருநூறு பேர், அந்த மரத்தைத் தங்களுக்கும் காட்டச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அடுத்த வீடியோ அதுதானே தம்பி என்று ஒருவர் எழுதியிருந்தார். வேறு யாருடையதோ ஒரு தேக்கைக் காட்டினால் என்ன என்று இவர் மெல்லக் கேட்டார். என் மனதிலும் அதுதான் முதலில் வந்தது. அதனால்தான் இன்னும் கூடக் கோபம் வந்தது.

கனடாவுக்கு அழைத்தேன். மாமியே கதைத்தார். குரல் நன்றாக மெலிந்திருந்தது.

"மாமி, மரம் இல்லை. நாங்கள்தான் அறுத்து வித்தனாங்கள். அந்தக் காசிலதான் இந்த மோட்டார் சைக்கிள்."

ஏச்சு வரட்டும் என்று போனைக் காதோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உங்கட மாமாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

ஓம் என்றேன். மாமி போனை வைத்துவிட்டார்.