காப்பி வறுத்த வாசனை

அன்றைக்கு அக்பெரெத் செய்யக் கூடாத காரியம் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் செய்தாள்.

மற்றதெல்லாம் சரியாகவே செய்திருந்தாள். திரைச்சீலைகளை இழுத்து மூடினாள். கதவுக்கு வெளியே கிடந்த கணவன் கிர்மாயின் காலணிகளை உள்ளே எடுத்து வைத்தாள். அவனுடைய நீலச் சட்டையைக் குளியலறை வாளியில் ஊறப்போட்டாள். போனில் கேட்டவர்களிடமெல்லாம், புருஷன் வேலை விஷயமாக ஹம்பர்க் போயிருப்பதாகச் சொன்னாள். கிர்மாய் படுக்கையறையில் கட்டுப் போட்ட கையோடு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தான். இத்தனையும் முடித்துவிட்டு, மத்தியானம் சமையலறையில் நின்றவள், வறுசட்டியை அடுப்பில் வைத்துப் பச்சைக் காப்பிக்கொட்டையைக் கொட்டினாள். பயம் வந்தால் சிலர் நகத்தைக் கடிப்பார்கள். எரித்திரியாக்காரியின் கை தானாகக் காப்பிக்கொட்டைக்குப் போகும்.

கொட்டை கறுத்து, எண்ணெய் கக்கி, புகை கதவிடுக்கு வழியாக மாடிப்படியில் ஏறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவர்கள் வழக்கத்தில் அந்த வாசனைதான் அழைப்பு. மூக்கில் பட்டவர் வந்து கதவைத் தட்டலாம். தட்டியவரைத் திருப்பி அனுப்ப யாருக்கும் வாய் வராது. அந்தக் கட்டிடத்தில் இவர்களை விட்டால் இன்னொரு எரித்திரியாக்காரர்தான் உண்டு, மேல்மாடியில் இருக்கும், அவள் பெரியப்பா என்று கூப்பிடும் செராய். வேறு யாராக இருந்தாலும் பரவாயில்லை.

முந்தின நாள் கண்காட்சி மைதானத்தில் நடந்த எரித்திரியத் திருவிழாவின் வாசலில் தொண்டர் பட்டை கட்டிக்கொண்டு நின்றவர் அவர். விடுதலைப் போர்க் காலத்தில் ஜெர்மனிக்கு வந்து வேரூன்றியவர்கள் நடத்துகிற விழா அது. உள்ளே பாட்டு, ஆட்டம், நாட்டை ஆளுகிறவர்களுக்கு வாழ்த்து. வெளியே, அதே ஆட்சிக்குப் பயந்து கடலைத் தாண்டி ஓடிவந்த இளையவர்கள் எதிர்ப்பின் அடையாளமாக நீலச் சட்டையோடு திரண்டு நின்றார்கள். கிர்மாயும் அதில் ஒருவன். முடிவே இல்லாத பட்டாளச் சேவையில் இளமையைத் தொலைத்தவன். அவனுடைய தம்பி சிறைக்குப் போனவன் திரும்பவே இல்லை. 'நின்னு கத்திட்டு வந்துடறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் கிர்மாய் போனான். கத்தியது போதவில்லை போலிருக்கிறது. வேலி சாய்ந்தது, கல் பறந்தது, கூடாரம் எரிந்தது. உள்ளங்கையை வேலிக்கம்பி கிழித்து, ரத்தத்தோடு வந்து சேர்ந்தான்.

இரவிலிருந்து தொலைக்காட்சியில் அதே பேச்சு. கலவரக்காரர்களை நாடு கடத்த வேண்டும் என்றார் ஒருவர். அனுப்பினால் அங்கே கொன்றுவிடுவார்களே என்றார் இன்னொருவர். அதை வேலியைத் தள்ளுமுன் யோசித்திருக்க வேண்டும் என்றார் முதலாமவர். முதியோர் இல்லச் சலவை அறையில் அவளோடு வேலை பார்க்கும் பிர்கிட் அக்கறையாகப் போன் செய்தாள். "உன்னைச் சொல்லலடி, நீ நல்லவ. அந்த ரவுடிப் பசங்களை மட்டும் பிளேன்ல ஏத்திவிட்டா போதும்." அக்பெரெத் ஆமாம் என்றாள். கிர்மாயை விமானத்தில் ஏற்றினால் தலைநகர் அஸ்மாராவின் விமான நிலையத்தோடு அவன் கதை முடிந்துவிடும்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

திறந்தாள். நெற்றியில் பெரிய கட்டோடு செராய் நின்றுகொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை அதுவுமா வறுத்துட்டு, பெரியப்பாவைக் கூப்பிடாம இருக்கியே" என்றபடி அவரே உள்ளே வந்து உட்கார்ந்தார். "கிர்மாய் எங்க?"

"ஹம்பர்க்ல, பெரியப்பா. வேலை."

"ஞாயித்துக்கிழமையிலயுமா? நல்ல முதலாளி."

புகைகிற வறுசட்டியை வழக்கப்படி அவர் முகத்தருகே கொண்டுபோய்க் காட்டினாள். இரண்டு கொட்டைகள் தரையில் உருண்டன. அவர் கண்ணை மூடி வாசனையை இழுத்து, "நல்லா வந்திருக்கு" என்றார். இடித்து, மண்கூஜாவில் போட்டுக் கொதிக்கவிட்டு, தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

செராய் தட்டைப் பார்த்தார். கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பைகள் மூன்று இருந்தன. புருஷனுக்கும் சேர்த்து எடுத்து வைக்கிற பழக்கம். முதல் சுற்றை ஊற்றியதும் அவர் நிதானமாகக் குடித்தார்.

"தலை எப்படி இருக்கு, பெரியப்பா?"

"தையல் போட்டிருக்கு. வேலி அப்படியே என் மேல சாஞ்சுதும்மா. நான் பாட்டுக்கு, உள்ள பிள்ளைங்க ஆடுதுங்க, கல்லைக் கீழ போடுங்கடான்னு கத்திட்டிருந்தேன். இந்த நாட்டுல நாப்பது வருஷம் கக்கூஸ் கழுவி, பஸ் ஓட்டி, ஊருக்குப் பணம் அனுப்பி, வருஷத்துல ஒரு நாள் நம்ம பாட்டுக்கு ஆடினா அதுவும் பொறுக்கல இவங்களுக்கு." நடிப்பு இல்லை, மனிதருக்கு நிஜமாகவே வலித்தது. "டிவிக்காரன் கேட்டான். அனுப்பிவைங்க எல்லாரையும்னு சொன்னேன்."

"அங்க அனுப்பினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"என்ன ஆகும்? நம்ம நாடுதானே."

நாடு அவ்வளவு நல்லதென்றால் நீங்கள் ஏன் இன்னும் மேல்மாடியில் குடியிருக்கிறீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. படுக்கையறைக் கதவைப் பார்த்துவிட்டு, கூஜாவில் தண்ணீர் ஊற்றி இரண்டாவது சுற்றுக்கு வைத்தாள். மூன்று சுற்று முடியாமல் விருந்தாளி எழுந்திருக்கக் கூடாது. மூன்றாவதுக்குப் பேரே ஆசீர்வாதம்.

இரண்டாவது கோப்பை பாதியில் இருக்கும்போது அழைப்புமணி அடித்தது. அக்பெரெத்தால் எழ முடியவில்லை. செராய் எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

போலீஸ். ஒரு பெண்ணும் ஓர் ஆணும், இருவரும் இளையவர்கள். நேற்றைய கலவரக்காரன் ஒருவன் தெருமுனை டிராம் நிறுத்தத்தில் இறங்கியதைக் கேமரா காட்டுகிறதாம். வீடு வீடாகக் கேட்கிறார்களாம். பெரியவரின் நெற்றிக்கட்டைக் கண்டதும் அந்தப் பெண்ணின் குரல் இளகியது.

"நீங்க அங்க இருந்தீங்களா, ஐயா? இந்த ஆளைத் தெரியுமா?"

செராய் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். குளியலறை வாளி அக்பெரெத்தின் நினைவுக்கு வந்தது. அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. எட்டிப் பார்த்தால் நீலம் தெரியும். ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர அவளுக்குள் வேறு சொல் இல்லை.

"இல்லம்மா" என்றார் செராய், தேர்ந்த ஜெர்மன் மொழியில். "இந்த ஊர்ல எங்காளுங்க அத்தனை பேரையும் எனக்குத் தெரியும். இவன் வெளியூர்க்காரன். என் மண்டையை உடைச்சவனை நான் காப்பாத்துவேனா?"

அவர்கள் நன்றி சொல்லி, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அக்பெரெத் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, படுக்கையறைப் பக்கம் திரும்பினார்.

"கிர்மாய். வா தம்பி. மூணாவது கோப்பையைத் தனியாக் குடிக்கக் கூடாது."

கதவு திறந்தது. கிர்மாய் வந்து எதிரே உட்கார்ந்தான். செராய் அவன் கைக்கட்டைப் பார்த்தார். அவன் அவர் நெற்றிக்கட்டைப் பார்த்தான்.

"வேலி விழறப்ப கம்பி இடுக்குல உன் மூஞ்சியைப் பாத்தேன்."

"ஏன் காட்டிக் குடுக்கல?"

"உன்னை அனுப்பிட்டா எனக்கு என்ன லாபம்?" அவர் குரலில் கோபமே இல்லை. "அடுத்த வருஷமும் விழா உண்டு. எனக்கு வயசாச்சு. வாசல்ல நான் நின்ன இடத்துல நீ நிக்கணும், பட்டை கட்டிக்கிட்டு. இவ உள்ள காப்பி வறுக்கட்டும். நம்ம சங்கத்து மாசக் கூட்டத்துக்கும் ரெண்டு பேரும் வந்துடுங்க. உங்கம்மா தெக்கெம்ஹரேலதானே இருக்காங்க? உன்னைப் பத்தி அங்க இருக்கற நம்ம ஆளுங்ககிட்ட நல்லபடியாவே சொல்லிவைக்கறேன்."

அம்மாவின் ஊர்ப்பெயரை அவர் சொன்ன விதத்தில் அக்பெரெத்துக்குக் குளிர் அடித்தது. போலீஸ் வந்தபோது இருந்ததை விடப் பெரிய பயம் இது. அந்தப் பயத்துக்கு வழக்கறிஞர் உண்டு, கோர்ட் உண்டு, தொலைக்காட்சியில் இவர்களுக்காகப் பேசவும் ஒருவர் உண்டு.

"போலீஸ் இன்னும் தெருவுலதான் இருக்கும்" என்றார் செராய். "கண்ணாடி சரியில்ல, இப்பதான் ஞாபகம் வந்ததுன்னு சொன்னாலும் நம்புவாங்க."

மூன்றாவது காப்பியை அவள் ஊற்றினாள். வெந்நீர் போல வெளிறியிருந்தது. செராய் கோப்பையை உயர்த்தி, இந்த வீடு நிறையட்டும், இதிலிருந்து யாரும் பிரிந்து போகாமல் இருக்கட்டும் என்று வாழ்த்தினார். வாழ்த்துக்கு வீட்டார் ஆமென் சொல்ல வேண்டும். கிர்மாய் வாயைத் திறக்கவில்லை. செராய் கோப்பையை இறக்காமல் காத்திருந்தார்.

"ஆமென்" என்றாள் அக்பெரெத். "ரெண்டு பேருக்கும் சேர்த்து, பெரியப்பா."

அவர் குடித்தார். போகும்போது வாசலில் நின்று, அடுத்த ஞாயிறும் வறுக்கச் சொன்னார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தவள் கணவனின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு கோப்பைகளை எடுத்தாள். இரண்டு காலியாக இருந்தன. கிர்மாயின் கோப்பை ஊற்றியபடியே இருந்தது.

"தம்பி பேரைச் சொல்லிட்டு இனிமே எந்த முகத்தோட நான் கத்துவேன்?" என்று கேட்டான்.

அவன் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருந்தான். அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான். காப்பிப் புகை வெளியே போக ஜன்னலைத் திறந்துவிட்டாள்.