காலடியில் இரண்டு நாய்கள்

…கண் திறந்திருந்ததே, அதுதான் ஆளைப் பிழைவிட வைத்தது, செத்தவர்களைக் கண்ணை மூடித்தானே கிடத்துவார்கள், மன்னாரிலும் அப்படித்தான், இங்கே பாரிசிலும் அப்படித்தான், இரண்டு கண்ணையும் விரியத் திறந்துகொண்டு படுத்திருக்கிறவளை ஒரு மனுசி எப்படிப் பிணமென்று நினைப்பாள்? கடையில் நின்ற அற்புதமலர் முருங்கைக்காய்க் கட்டை அவிழ்த்தாள், என்ன செய்கிறோம் என்று தெரியாமல் திரும்பக் கட்டினாள், பிறகு வெண்டிக்காய்ப் பெட்டிப் பக்கம் போனாள். ஏப்ரனுக்குள் போன் சும்மா கிடந்தது. இந்நேரம் மகள் சுஜானி ஆஸ்பத்திரியில் உள்ளே போயிருப்பாள், வயிற்றில் அந்தக் குளிர்ந்த களிம்பைப் பூசியிருப்பார்கள், மருமகன் றொஜர் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பான்… போன இரண்டு தரமும் இந்த முதல் எக்கோ ஸ்கானில்தான், திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டொக்டர் திடீரென்று பேச்சை நிறுத்தினாளாம், பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் காணவில்லையாம். இது மூன்றாவது. இதுவும் போனால் சுஜானி தாங்கமாட்டாள், அவள் தாங்கினாலும் நான் தாங்கமாட்டேன்… அப்படிப்பட்ட பிள்ளையை நம்பி ஒப்படைத்தது யாரிடம்? கல்லறையில் கிடக்கிற ஒரு ராணியிடம்! உனக்கு விசர்தானடி மலர், முழு விசர்.

காலையில் அந்தத் தமிழ்நாட்டுப் பெண் சுபாஷினி கடைக்கு வராமல் இருந்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது. கம்ப்யூட்டர் வேலை, நல்ல பிள்ளை, கறிவேப்பிலைக்கு வருவாள், வந்தால் சும்மா போகமாட்டாள், ஞாயிறுதோறும் பார்த்த இடங்களையெல்லாம் போனில் தள்ளித் தள்ளிக் காட்டுவாள். இன்றைக்குக் காட்டியது சென்-தெனிப் பேராலயம். தூண், கண்ணாடி, தூண், கண்ணாடி, பிறகு அவள்! கறுப்புக் கல்லின்மேல் வெள்ளையாக அவளேதான். "இது எங்கடை ஆளெல்லே! இவவுக்குத்தான் பிள்ளைக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன்" என்று மலர் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். சுபாஷினி சிரித்தாள், மலரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினாள். "ஐயோ ஆன்ட்டி, இவங்க செயின்ட் இல்ல, ராணி. சமாதி மேல வைக்கிற சிலை இது. பாவம், மாசமா இருக்கும்போது குதிரையிலருந்து விழுந்துட்டாங்களாம், குழந்தையும் போச்சு, அவங்களும் போயிட்டாங்க." அப்ப கண் ஏன் பிள்ளை திறந்திருக்கு என்று கேட்டபோது, உலகம் முடிகிற நாளில் உயிர்த்தெழுவதைப் பார்க்க வேண்டுமாம், அதற்காக அந்தக் காலத்தில் முழித்தபடியேதான் செதுக்குவார்களாம், கைடு சொன்னாராம். சொல்லிவிட்டுக் கறிவேப்பிலையோடு போய்விட்டாள். போகிறவளுக்கென்ன, அவள் பாட்டுக்குப் போய்விடுவாள்.

பிழை என்றால் பிழைதான், ஆனால் யார் கண்டது? சுஜானி மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்த அந்த ஜனவரியில், ஸ்தேன் புறநகரில் தன் வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் மலர் பஸ் ஏறிச் சென்-தெனியில் இறங்கினாள், முதல் ஞாயிறென்று ரிக்கற்றும் கேட்கவில்லை. உள்ளே போனால் தலை சுற்றியது, சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கண்ணாடி, நீலமும் சிவப்பும் தரையில் விழுந்து அவளுடைய சப்பாத்தின் மேலும் ஏறின. கல் இவ்வளவு மெலிசாகிக் கூரையைத் தாங்குமா, விழுந்துவிடாதா என்றுகூடப் பயம் வந்தது. அங்கே வரிசை வரிசையாகக் கல்லில் படுத்திருந்தார்கள், ஆண்களின் காலடியில் சிங்கம், பெண்களின் காலடியில் நாய்க்குட்டி. அம்மாடி, இவ்வளவு புனிதர்களா என்றுதான் நினைத்தாள். பெரிய வெள்ளிக்கு ஆண்டவரைக் கிடத்தி வைக்க, ஊரே வரிசையில் நின்று காலை முத்தமிடும், அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவளுக்குக் கோயிலுக்குள் படுத்திருக்கிற கல்லைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? நாயோடு நிற்கிற புனித றோக்கு கொள்ளை நோயையே நிறுத்தினவர், கறுப்புக் கல்லில் கிடந்த இவளுக்கு இரண்டு நாய், அப்ப இரட்டிப்புச் சக்தி! இன்னொன்றும் பார்த்தாள், ஆள் படுத்திருந்தாலும் உடுப்பின் மடிப்பு நிற்கிறவளின் மடிப்பு, நேரே காலை நோக்கி விழுந்திருந்தது, கூப்பிட்டால் எழும்பி வந்துவிடுவாள் போல. நாயின் தலையைத் தொட்டு விரலை முத்தமிட்டாள். காவலுக்கு நின்றவன் "மதாம்!" என்று அதட்டினான். போடா என்று மனதுக்குள் சொல்லிவிட்டு நேர்ந்தாள்… தாயே, இந்தப் பிள்ளை உயிரோடு வந்தால் கொண்டுவந்து உன்ரை காலடியில் கிடத்துவன். பெப்ரவரியிலும் போனாள், மார்ச்சிலும் போனாள், போய் என்னென்ன கதைத்தாள்… அதை இப்போது நினைக்கக்கூடாது.

நினைக்காமல் இருக்க முடிகிறதா? பிள்ளையைப் பறிகொடுத்தவளின் காலடியில் பிள்ளையைக் கிடத்துவதாகச் சொல்லியிருக்கிறாய், அவள் ஆசைப்பட்டுத் தன்னோடு வைத்துக்கொண்டால்? கூடாத சொல், கூடாத சொல். "அண்ணை, நான் ஒருக்கா வெளியிலை போட்டு வாறன்" என்றாள். கல்லாவில் நின்ற முதலாளி ஞானசுந்தரம் நிமிர்ந்து பார்த்தார், "இந்த நேரத்திலையோ? சனம் நிக்குது தங்கச்சி" என்று தொடங்கியவர், அவள் முகத்தைக் கண்டதும், "சரி சரி, ஓடிப்போட்டு வா" என்றார். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. லா ஷப்பல் மெட்ரோப் பாலத்தின் கீழே சிகரெட் விற்கிற பெடியள், தலைக்கு மேலே ரயில், போன் அடித்தால் கேட்காமல் போகுமே என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். ரூ பஜோல் பக்கம் போனால் பிள்ளையார் கோயில், கடையில் வேலை செய்கிற சுகந்தி அக்கா எதுக்கும் ஒரு தேங்காய் உடையடி என்பாள், வேண்டாம், ஏற்கெனவே ஆள் மாறிப்போன நேர்த்தி, இதற்குள் இன்னொருவரையும் இழுக்கக்கூடாது. சென் பெர்னார் கோயில் கிட்டத்தான், அங்கே மாதா இருக்கிறா, நேர்த்தியை அப்படியே மாதாவுக்கு மாற்றிவிட்டால் சரி. மாற்றலாமா? போன் கொம்பனி மாற்றுகிற மாதிரியா இது? அந்த ராணி கோபித்தால்? செத்தவளுக்கு என்ன கோபம்… பாவம், அவளா கேட்டாள், நான்தானே போய்த் தொட்டேன்.

கதவைத் தள்ளி உள்ளே போனாள். இதுவும் பழைய கோயில் மாதிரிக் கட்டியதுதான், கைகூப்பினது போல மேலே கூர்ந்து முடிகிற வளைவுகள், ஆனால் சென்-தெனியின் வயது இல்லை, கல் இன்னும் இளசு. மாதாவின் முன்னால் முழங்காலில் நின்றாள். சொல்லு மலர், நேரமில்லை, பிள்ளை அங்கே படுத்திருக்கிறாள், சொல்லு… மாதாவே… வாய் வரவில்லை. மெழுகுதிரி கொளுத்தினாள், திரும்பவும் மாதாவே என்றாள், அதற்குமேல் ஒன்றுமில்லை. என்னடி இது? விசாவுக்கு மாதாவுக்குத்தானே திரி கொளுத்தினாய், வேலைக்குக் கொளுத்தினாய், றொஜரின் கால் முறிந்தபோது கொளுத்தினாய். ஓம், கொளுத்தினாள், ஆனால் வாய் திறந்து கேட்டாளா? ஒருமுறையாவது? திரியைக் கொளுத்தி வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் திரும்பி வருவாள், அவசரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். கடைசியாகக் கேட்டது ஊரில், மடு மாதா கோயிலில். கோயில் வளவில் அகதிக் கொட்டில், மழை, நிறைமாதம், இரவும் பகலும் மாதாவைக் கேட்டாள், பிள்ளையைத் தா தாயே, வேறொன்றும் வேண்டாம். பிறந்த பிள்ளை அழவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு சிஸ்டர் எடுத்துக்கொண்டு போனா, காட்டவில்லை, காட்டினால் தாங்கமாட்டாய் என்றா. கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று மட்டும் கேட்டாள், அதற்கும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. இங்கே வந்த பிறகுதான் சுஜானி பிறந்தாள், அவளுக்கு முன்னால் ஒன்று இருந்தது என்று அவளுக்கே தெரியாது… அட, அப்படியென்றால் நான் மாதாவோடு கோபம். இத்தனை வருசமாகக் கோபித்துக்கொண்டுதான் திரி கொளுத்தியிருக்கிறேன். அதனால்தான் கண் திறந்திருந்த அந்தக் கல்லிடம் போய், மடுக் கதை முழுவதையும் பெப்ரவரிக் குளிரில் நின்று கொட்டினேனா? பிழைபட்டா போனேன், தெரிந்தேதான் மாதாவை விட்டுவிட்டுப் போனேனா?

கையில் போன் அதிர்ந்தது. திரையில் சுஜானி. எடுக்கப் பயமாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்ல வேண்டுமென்றால், எடுக்காமலே ஓடிவிடலாம் போல இருந்தது. எடுத்தாள். அந்தப் பக்கம் அழுகை, ஐயோ முடிந்தது… "மமான்" என்றாள் சுஜானி, "மமான், கேக்குதா, நெஞ்சு அடிக்குது! எனக்கும் கேக்க விட்டவை, குதிரை ஓடுற மாதிரிக் கேட்டுது." மலர் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்துவிட்டாள். குதிரையாம், உலகத்தில் வேறு உவமை கிடைக்கவில்லை இந்தப் பிள்ளைக்கு! சிரிப்பு வந்தது, சிரிக்க வெளிக்கிட்டு அழுதாள், முன்வாங்கில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி திரும்பிப் பார்த்தாள், பார்க்கட்டும். மாதாவே என்று வாய் தன்பாட்டில் சொன்னது, அது நன்றியா, பழைய கோபத்தின் மிச்சமா என்று அவளுக்கே தெரியவில்லை. "அம்மா, அழாதையுங்கோ, இன்னும் கன தூரம் கிடக்கு எண்டு டொக்டர் சொன்னவ" என்றாள் சுஜானி. ஓம் பிள்ளை, கன தூரம் கிடக்கு. "சுஜா, குழந்தை பிறந்தாப்பிறகு ஒரு இடத்துக்குக் கொண்டுபோகோணும், நேர்த்தி வைச்சனான்." "எங்கை, லூர்துக்கோ?" "இல்லை, சென்-தெனிக்கு. அங்கை ஒரு… ஒரு மனுசி இருக்கிறா." சுஜானி சிரித்தாள், "புர்குவா, ஏன் அங்கை? ஆரம்மா அது?" மலர் வாயைத் திறந்தாள். ராணியைப் பற்றிச் சொல்லலாம், நாய்களைப் பற்றிச் சொல்லலாம், ஆனால் ஏன் அவளிடம் போனேன் என்று சொல்ல வெளிக்கிட்டால் மடுவிலிருந்துதான் தொடங்க வேண்டும். "மமான்? லைன்ல நிக்கிறீங்களோ?" என்று சுஜானி கேட்டுக்கொண்டிருந்தாள்.