வெள்ளரிப் பந்தலில் சத்தமில்லை

இருபது வருஷமாக ஆகஸ்டு மதியங்களில் என் கணவர் ஷிகெனோரி வெள்ளரிப் பந்தலடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, என்னென்ன பூச்சி வந்தது, எது கத்தியது என்று நோட்டில் எழுதுவார். தும்பி, கும்பிடுபூச்சி, சிள்வண்டு எல்லாம் உண்டு. ஆனாலும் பச்சை வெட்டுக்கிளிதான் அவருக்குச் செல்லம். அது இறக்கையை உரசி 'கீ...சோன்' என்று இழுத்தால் மனுஷர் சோற்றை மறந்துவிடுவார்.

இந்த வருஷம் ஐந்து நாளாக, "சிள்வண்டு உண்டு, வெட்டுக்கிளி இல்லை" என்றே எழுதினார். அவர் தலைக்கு மேலே இலைமறைவில் அது உச்ச சுருதியில் கத்தித் தீர்த்துக்கொண்டிருந்தது. சமையலறையில் பார்லி டீ ஊற்றிக்கொண்டிருந்த எனக்கே காது கூசியது.

அவர் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர். காதுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன், "இன்னும் கொஞ்சம் டீ?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்வேன். நான் சரியான கோழை.

"பக்கத்து வீட்டம்மா மருந்து அடிச்சிருக்காங்க, கிவாகோ."

"அவங்க அப்படிப்பட்டவங்க இல்லீங்க."

"பின்ன வெட்டுக்கிளி எங்க போச்சு, டோக்கியோவுக்கா?"

பக்கத்து வீட்டுக் குவபாரா அம்மாவிடம் பேசப் போனார். எங்கள் தெருவில் பேசுவதென்றால், பயறு இனிப்புப் பெட்டியோடு போய்க் குனிந்து குனிந்து, சொல்ல வந்ததை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொல்வது.

"குவபாரா அம்மா, கோடை வந்தா இந்தப் பூச்சி விஷயம்... நீங்களும் கொஞ்சம்..."

"ஐயோ, எனக்குத் தோணவே இல்லையே! மன்னிச்சுக்குங்க, நாளைக்கே கவனிக்கிறேன்."

"ஒத்துக்கிட்டாங்க பாத்தியா?" என்று ஜம்பமாகத் திரும்பி வந்தார்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனபின், குவபாரா அம்மா முகமூடியும் மருந்துக் குடுவையுமாக வேலியருகே நின்றார்.

"சுருதி பாக்குற காதாச்சே, இந்த இரைச்சல் எவ்வளவு தொந்தரவு பண்ணியிருக்கும்! உங்க பந்தலுக்கும் சேர்த்தே அடிச்சுட்டேன்."

என் கணவருக்கு அது கேட்பதே இல்லை என்று இந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? "ரொம்ப நன்றிங்க" என்று குனிந்தேன். வெள்ளரி இலையடியில் இரண்டு வெட்டுக்கிளிகள் மல்லாந்து காலை உதைத்துக்கொண்டிருந்தன.

மதியம் வந்தவர் முக்காலியில் உட்கார்ந்தார். என்னையும் கூப்பிட்டார்.

"கிவாகோ, நிஜத்தைச் சொல்லு. உனக்கு வெட்டுக்கிளி சத்தம் கேக்குதா?"

"இல்லீங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்பாடா! என் காதுதான் போச்சோன்னு அஞ்சு நாளாத் தூக்கமில்ல. நாளைக்குக் காது டாக்டர்கிட்ட நேரம்கூட வாங்கிட்டேன். நல்லவேளை, உனக்கும் கேக்கல."

இப்போதாவது சொல்லடி என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பல வருஷம் கழித்து அவர் அப்படிச் சிரித்துப் பார்க்கிறேன். உள்ளே போய் போனை எடுத்தார். நாளைக்கு வரவில்லை என்று டாக்டரிடம் வேலை பார்க்கும் பெண்ணிடம் அவர் பணிவாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, வாசற்படியிலேயே நின்றேன்.