தூங்கவில்லை லோர்னா

அமெரிக்காவின் மினசோட்டாவில் குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் பாதி ஊர் அதன்மேல் குடியேறிவிடும். லோர்னாவும் கணவன் வெண்டலும் பனிக்கட்டியின்மேல் பலகைக் குடிசை போட்டு, நடுவில் துளை போட்டுத் தூண்டில் விட்டிருந்தார்கள். கூட வெண்டலின் அக்கா வெர்னா.

லோர்னாவுக்கு இரண்டு தொல்லை. பட்டப்பகலில் தூக்கம் வந்து அமுக்கும். இன்னொன்று பொல்லாதது. சிரிப்போ சந்தோஷமோ பொங்கினால் உடம்பிலுள்ள பலமெல்லாம் வடிந்து, ஈரத்துணி மாதிரி சரிந்துவிடுவாள். நினைவு தப்பாது, காது கேட்கும், ஆனால் விரல்கூட அசையாது. கொஞ்ச நேரத்தில் தானே தெளியும்.

சரிந்தால் பிடித்துக்கொள்வார்கள். தூங்கினாலோ வீட்டில் ஒரு சட்டம்: போர்த்திவிட்டு ஓசைப்படாமல் நகர வேண்டும், எழுப்பக் கூடாது.

"ஜோக் சொல்லாத வெர்னா. போன வாரம் சூப்புல மூஞ்சிய வெச்சுட்டேன்," என்றாள் லோர்னா.

"என் ஜோக்குக்கு விழுற ஒரே ஆளு நீதான். உன்னையும் விட்டா எனக்கு யாரு?"

சொல்லிவிட்டு வெர்னா தம்பியோடு மற்றத் தூண்டில்களைப் பார்க்க வெளியே போனாள்.

அப்போதுதான் கயிறு வெடுக்கென்று இழுத்தது. லோர்னா மண்டியிட்டு இழுத்தாள். முழங்கை நீளத்துக்கு ஒரு மீன், தண்ணீரை வாரியடித்துக்கொண்டு மேலே வந்து விழுந்து, மீன் போட வைத்திருந்த வாளிக்குப் பின்னால் வழுக்கிப் போனது. இந்தக் குளிர்காலத்தின் முதல் மீன். நெஞ்சு நிறைந்தது.

தாடை தொங்கியது. கழுத்து மடிந்தது. துளையோரப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் கன்னம் போய்ப் பதிந்தது.

வாய் தண்ணீருக்குள். ஒரு மூக்குத்துவாரம் மட்டும் வெளியே. மூச்சிழுக்கும்போதெல்லாம் பனித்தண்ணீர் தொண்டையில் கடித்தது. இருமக்கூட உடம்பு ஒத்துழைக்கவில்லை. வந்துடு வெண்டல், வந்துடு என்று மனசுக்குள்ளேயே அலறினாள்.

முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது.

"உஷ், தூங்குறா," என்றான் வெண்டல் அக்காவிடம்.

தன் கனத்த கோட்டை அன்பாக அவள்மேல் போர்த்தினான், தலையோடு சேர்த்து. அந்தக் கனத்தில் முகம் இன்னும் அமிழ்ந்தது. மிஞ்சியிருந்த துவாரத்திலும் தண்ணீர் தளும்பியது. இருட்டு. பூட்ஸ் சத்தம் கதவுப் பக்கம் திரும்பியது. என்னைக் கொல்லப்போறது இவன் பிரியந்தான் என்று நினைத்துக்கொண்டாள் லோர்னா.

வாளிக்குப் பின்னால் ஏதோ படபடவென்று அடித்தது.

"மீனுடா," என்றாள் வெர்னா. அடுத்த நொடி அவள் குரல் மாறியது. "மீன் புடிச்ச சந்தோஷத்துல எவடா தூங்குவா? அவள தூக்குடா."

கோட்டு பறந்தது. புரட்டிப் போட்டார்கள். தண்ணீர் வாயோரம் வழிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் முதல் இருமல் வந்தது.

வெண்டல் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். "போர்த்திவிட்டேனே, நானே போர்த்திவிட்டேனே," என்று அதையே சொன்னான்.

மீன் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. லோர்னா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அத வெளிய கொண்டுபோ வெர்னா," என்றாள் குழறலாக. "பாத்தா மறுபடி சந்தோஷம் வந்துடும்."