அரக்கோணம் வண்டியில் வருகிறவர்கள்

தீனதயாளன் தன் நாவல்களில் சாகடித்தவர்கள் எல்லாரும் சாயங்கால லோக்கல் வண்டியில் அரக்கோணம் வழியாகத் திருத்தணிக்கு வந்து இறங்கினார்கள். புத்தகம் அச்சாகிற வரைக்கும்கூட அவர்கள் காத்திருக்கவில்லை. எங்கோ ஒரு தேசத்தில் உட்கார்ந்து ஒருவருடைய சாவை எழுதி அவன் பேனாவை மூடினால், அன்றைக்கோ மறுநாளோ அந்த ஆள் தோளில் ஒரு துணிப்பையோடு பிளாட்பாரத்தில் நின்று, ரைட்டர் வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்று பூக்கடையில் விசாரிப்பார். பூக்கடைக்காரம்மா கட்டிக்கொண்டிருக்கிற சாமந்தியிலிருந்து கண்ணை எடுக்காமல், நேராகப் போய் மேட்டுத் தெருவில் திரும்பு, பச்சைக் கேட்டு என்று சொல்லி அனுப்புவாள். ஆட்டோக்காரர்கள் மற்றவர்களிடம் கேட்கிற கூலியையே இவர்களிடமும் கேட்டார்கள். காவடியும் மொட்டைத் தலையுமாக ஜனம் வந்து போய்க்கொண்டே இருக்கிற ஊரில், செத்தவர்கள் நாலு பேர் கூடுதலாக நடந்து போவது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

பச்சைக் கேட்டு வீட்டின் சாவி பங்காருவிடம் இருந்தது. மலைமேல் நடக்கிற கட்டட வேலைகளுக்கு மணலும் ஜல்லியும் சுமந்து முட்டி தேய்ந்துபோன ஆள் அவன். தீனதயாளனின் அப்பா அம்மையார்குப்பத்தில் தறி நெய்து, கடைசிக் காலத்தில் கட்டிய வீடு அது. அவர் போன பிறகு தீனதயாளன் வருஷம் முழுக்க ஊர் சுற்றுகிறவனாகிவிட்டதால், வீட்டைக் கூட்டிப் பெருக்கி விளக்கு வைக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. பெண்சாதியை இழந்து கைக்குழந்தையோடு நின்ற பங்காரு பின்கட்டு அறைக்குக் குடிவந்தான். வந்த வருஷமே வீரபத்திரன் வந்து சேர்ந்தான். முதல் நாவலில் கிணறு வெட்டும்போது ஊற்று உடைத்துக்கொண்டு செத்த ஆள். அவன் நடந்த இடமெல்லாம் ஈரம் காயவே இல்லை. திருவாலங்காட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து வாசலில் நின்று அவனை வெகுநேரம் பார்த்தார். பேர் வேறாக இருக்கிறது, முகமும் கொஞ்சம் வேறுதான், ஆனால் இருமல் எங்கள் அண்ணனுடைய இருமல் என்று சொல்லிவிட்டு, பஸ் பிடித்துப் போய்விட்டார். தீனதயாளன் சின்ன வயதில் பார்த்த, கிணற்றில் போன ஒருவரைத்தான் வீரபத்திரனாக எழுதியிருந்தான் என்பது அதன் பிறகு தெரிந்தது. வந்தவர்கள் சோறு கொஞ்சமாகத் தின்றார்கள். புத்தகத்தில் எந்த வயதில் செத்தார்களோ அந்த வயதிலேயே வந்தார்கள். வந்த பிறகு ஒருவருக்கும் ஒரு நரை கூடவில்லை.

ஊரில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தவர்கள் தீனதயாளன் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. ஆடிக் கிருத்திகைக்கும் பொங்கலுக்கும் வருவான். அறைகளில் நடந்து பார்த்துவிட்டு, வீடு ரொம்ப வெறிச்சென்று இருக்கிறது பங்காருண்ணா என்பான். அப்போது அவன்மேல் இடித்துக்கொள்ளாமல் ஒதுங்கி நிற்பதே அவர்களுக்குப் பெரும் பாடாக இருக்கும். எழுத மேசைமுன் உட்கார்ந்தால் பிடரியில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது என்று எழுந்துவிடுவான். நாலாம் நாள் பெட்டியைக் கட்டுவான். எழுத்தாளர்களைக் கூட்டிவைத்து மூன்று வேளை சோறு போட்டு, போய் எழுது என்று சொல்கிற வீடுகள் உலகத்தில் அநேகம் இருந்தன. ஏரிக்கரையில் ஒன்று, பனி பெய்கிற மலையில் ஒன்று, கொடைக்கானலில்கூட ஒன்று. வேலை வாங்காமலா சோறு போடுகிறார்கள் என்று பங்காரு பலமுறை கேட்டு, பலமுறை ஆச்சரியப்பட்டான். ஆனாலும் ஒவ்வொரு தடவை புறப்படும்போதும் தீனதயாளன் ஒரு ஆளுக்கு வேண்டியதைவிட மிக அதிகமாக அரிசி வாங்கிப் போட்டுவிட்டே போனான். ஏன் என்று இவனும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இரண்டாவது நாவலில் செத்த வள்ளிநாயகி டீச்சர்தான் பங்காருவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது. வந்தவர் எப்படிச் செத்தார் என்று தெரியாமல், தீயில் போன வேறொருத்தியை அடுப்பங்கரையில் படுக்கச் சொல்லி ஒருமுறை பெரிய அழுகையாகிவிட்டது. படிக்கத் தெரிந்தால் இந்தப் பிழை வராது என்று டீச்சர் சிலேட்டை எடுத்தாள். மணல் சுமந்த விரல்கள் பல்பத்தை உடைத்துக்கொண்டே இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவள் அவன் மகள் மோனிஷா. செத்தவர்கள் மடியில் விளையாடி வளர்ந்த பெண் அவள். அவளுக்கு அவர்கள் சித்தப்பா, அத்தை, அவ்வளவுதான். பிற்பாடு அரக்கோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, தினம் அதே லோக்கல் வண்டியில் திரும்பிவந்தாள். இடது செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பாள். கடை அடையாள அட்டையின் கயிற்றைக் கழுத்தில் போடாமல் பையின் காதில் கட்டியிருப்பாள். பங்காரு மசால் வடை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனில் நிற்பான். வடை ஆறியிருந்தால், இன்னா நைனா, வண்டிக்கு முந்தியே வந்து வாங்கிட்டியா என்று திட்டுவாள். பத்தொன்பது வயதில், ஒரு ஐப்பசி மழையில், டெங்குக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகும் அவன் சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போவதை விடவில்லை. செத்தவர்கள் இறங்கினார்கள், அவர்கள் பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிவந்தான். எவரெவரோ வருகிறார்கள், அவள் வரவில்லை. அவளை யாரும் எழுதவில்லை, அதனால் வரவில்லை. இது அவனுக்குப் புரிய ஒரு வருஷம் ஆயிற்று.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு தீனதயாளன் வந்து கட்டிலில் உட்கார்ந்தபோது, பங்காரு டீயைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"சார், என் பொண்ணை எழுதுங்க."

தீனதயாளனுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்டிப்பாக எழுதுகிறேன் என்றான்.

"எழுதி, சாவடிச்சிடுங்க."

தீனதயாளன் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தான். பிறகு, இத்தனை வருஷம் கேட்காததை மெதுவான குரலில் கேட்டான். "இங்க யாராச்சும் இருக்காங்களா பங்காருண்ணா?"

"ஆங், இருக்காங்க சார். உங்க பக்கத்துலயே ஒருத்தர் குந்திகினு இருக்கார்."

தீனதயாளன் பக்கத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அவன் கை வைத்த இடத்தில் விரிப்பு நனைந்திருந்தது.

"பேரை மட்டும் மாத்தாதீங்க," என்றான் பங்காரு. "மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

மறுநாளே தீனதயாளன் கிளம்பிப் போனான். ஏரிக்கரை வீட்டிலிருந்து போன் வந்தது. அவள் எப்படிச் சிரிப்பாள், எந்தக் காயை ஒதுக்குவாள், சில்லறை எண்ணும்போது என்ன செய்வாள் என்று கேட்டான். கத்தரிக்காய் ஆகாது, எண்ணும்போது கீழுதட்டை மடித்துக் கடிப்பாள் என்று இவன் சொன்னான். சொல்லிவிட்டு, எப்ப சார் என்று கேட்பான். இன்னும் இல்லை பங்காருண்ணா என்று பதில் வரும். அந்த நாவலில் காய்ச்சல் வந்தது, ஆனால் தெளிந்துவிட்டது. மோனிஷா ஜவுளிக்கடையை விட்டு பேங்க் பரிட்சை எழுதிப் பாஸ் பண்ணினாள். அவளுக்குக் கணக்கு வராதே சார் என்று பங்காரு சந்தேகப்பட்டான். ராத்திரி பகலாகப் படித்தாள் என்று தீனதயாளன் சொன்னான். கொரோனா வந்து வண்டி நின்றபோது ஊருக்கு யாரும் வரவில்லை. வண்டி விட்ட முதல் நாள் வேறு புத்தகங்களிலிருந்து மூன்று பேர் சேர்ந்து இறங்கினார்கள், முகக்கவசம் போட்டிருந்தார்கள். மூன்று பேரின் கவசத்தையும் இறக்கச் சொல்லிப் பார்த்தான் பங்காரு. பிறகு கொரியாவிலிருந்து போன் வந்தது, மோனிஷாவுக்குக் கல்யாணம் என்று. மாப்பிள்ளை என்ன வேலை, குடிப்பானா என்று இவன் விசாரித்தான். குடிக்கிறவனாக எழுதியிருந்ததைத் தீனதயாளன் அன்று ராத்திரியே அடித்துவிட்டான்.

இப்படியே வருஷம் போயிற்று. சாவுச் செய்திக்காகப் போனை எடுத்துக்கொண்டிருந்தவன், எப்போது என்று கேட்பதை எப்போது நிறுத்தினான் என்று அவனுக்கே தெரியாது. மகள் பட்டணத்தில் வாடகை வீடு மாறியதையும் ஃபிரிட்ஜ் வாங்கியதையும் ஹேமநாதன் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் மோனிஷாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பங்காரு கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ சொன்னான்.

"பேரனுக்கு இன்னா பேரு வெச்சாங்கோ?" என்று ஹேமநாதன் சீண்டினான்.

"இன்னும் எழுதலைப்பா," என்றான் பங்காரு.

அதோடு போன் நின்றுவிட்டது. பனிமலைக்குப் பின்னால், கம்பியும் சிக்னலும் இல்லாத ஒரு வீட்டுக்கு தீனதயாளன் எழுதப் போயிருந்தான். ஒரு ஆடி போயிற்று, ஒரு தை போயிற்று. சுமைக்கு நடுவில் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம், மலைமேலிருந்து கீழே தெரிகிற தண்டவாளத்தைப் பங்காரு பார்ப்பான். முன்பெல்லாம் வண்டி வராதா என்று பார்த்தவன், இப்போது வந்துவிடக் கூடாதே என்று பார்த்தான். பிளாட்பாரத்தில் அவள் இல்லை என்று தெரிந்ததும், வந்தவர்களின் பையை வாங்கிக்கொண்டு வேகமாக நடப்பான். வீட்டுக்குத் திரும்பிப் பாயில் படுத்தால், அவள் செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடப்பான்.

ஐப்பசியில் தீனதயாளன் வந்தான். தலை முழுக்க வெளுத்திருந்தது. இந்த முறை மேசைமுன் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. நாள்கணக்கில் எழுதினான். வீட்டில் இருந்த செத்தவர்கள் அத்தனை பேரும் அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். அவர்கள் விட்ட மூச்சில் தாளின் ஓரங்கள் மெல்ல எழுந்து படிந்தன. வீரபத்திரனின் ஈரம் தரையில் பரவிக் காலைத் தொட்டபோது, தீனதயாளன் பாதங்களைத் தூக்கி நாற்காலிக் கட்டையில் வைத்துக்கொண்டு எழுதினான். வெளியே மழை. பங்காரு வேலைக்குப் போகாமல் வாசற்படியில் வந்து நின்றான்.

"சார், வேணாம் சார்."

"எது?"

"கைப்புள்ளைய வெச்சிகினு இருக்கா. இருந்துட்டுப் போவட்டும். எங்கிட்ட வரவே வேணாம். நான் இப்படியே இருந்துக்கறேன்."

தீனதயாளன் பேனாவைக் கீழே வைத்தான். அது ஏற்கெனவே மூடியிருந்தது.

"காலைலயே முடிச்சிட்டேன் பங்காருண்ணா. தூக்கத்துலதான். ஒண்ணும் கஷ்டப்படலை. சுத்தி எல்லாரும் இருந்தாங்க."

பங்காரு படியில் அப்படியே உட்கார்ந்தான், தலைச்சுமையை இறக்கிவைக்கிறவன் மாதிரி. எல்லாரும் என்றால் யார் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் போனதும் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தான். வள்ளிநாயகி டீச்சர் மோனிஷாவின் நீலச் சுடிதாரை இஸ்திரி போட்டுக் கொடியில் தொங்கவிட்டிருந்தாள். அவன் குடையை எடுத்துக்கொண்டு போனான். வண்டி வருகிற சத்தம் கேட்ட பிறகே மசால் வடை வாங்கினான்.

ஜவுளிக்கடைப் பெண்கள் கும்பலாக இறங்கிச் சிரித்துக்கொண்டே போனார்கள். அதில் அவள் இல்லை. பேங்க் உத்தியோகக்காரி, ஒரு பிள்ளைக்குத் தாய், இவ்வளவு இருக்கும் என்று மனதில் அளந்துவைத்திருந்த வயதுக்காரிகளை எல்லாம் பார்த்தான். அதிலும் இல்லை. கூட்டம் வடிந்துவிட்டது. அப்போது கடைசிப் பெட்டிப் பக்கமிருந்து, சிமென்டுத் தரையில் ஒரு செருப்பு தேய்கிற சத்தம் வந்தது. இடது செருப்பு. திரும்பினான். பஞ்சாய் வெளுத்த தலை, கூன் விழுந்த முதுகு, தடித்த கண்ணாடி. எண்பது வயதுக்கு மேலான ஒரு கிழவி தூணைப் பிடித்துக்கொண்டு, கீழுதட்டை மடித்துக் கடித்தபடி, மிச்சமிருந்த ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பையின் காதில் சாயம் போன ஒரு கயிறு கட்டியிருந்தது.

பேரை மாற்றாதே என்று சொன்னவன், வயதைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருந்தான். தீனதயாளன் அவளைப் பிழைக்க வைத்து, வாழ வைத்து, முழுசாகக் கிழவியாக்கி, அதற்குப் பிறகே அனுப்பியிருந்தான்.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"இன்னா நைனா, இவ்ளோ சின்னவனா இருக்கே?"

அவன் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தான். வடைப் பொட்டலத்தை நீட்டினான். அவள் தொட்டுப் பார்த்து, சூடு இருக்கிறதென்று தலையாட்டினாள்.

"பல்லு இருக்குதா?" என்று கேட்டான்.

"இருக்கறது போதும். குடையைச் சரியாப் பிடி, நனையறேன் பார்."

நீலச் சுடிதாரை டீச்சர் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். பங்காரு சந்தைக்குப் போய் நூல் புடவை வாங்கிவந்தான். மோனிஷா என்ற பேரில் தலை நரைத்த கிழவி ஒருத்தி இந்த ஊரில் அதற்கு முன்னால் இருந்ததில்லை. இவள்தான் முதல் ஆள். கடைத்தெருவில் கையைப் பிடித்து நடத்திப்போகையில், அம்மாவா என்று புதிதாகக் கேட்கிறவர்களிடம், இல்லை, என் பெண் என்று அவன் சொன்னான். அவர்களும் ஆங் என்று கேட்டுக்கொண்டு சாமான் கட்டிக் கொடுத்தார்கள். இன்னும் எத்தனை வயது வரைக்கும் மலைக்கு மணல் சுமப்பாய் என்று அவள் திட்டித் திட்டி, அவன் சுமையை விட்டுவிட்டு ஹேமநாதன் கடையில் கிளாஸ் கழுவப் போனான். பத்து நாள் கழித்து தீனதயாளன் அடுத்த ஊருக்குப் பெட்டியைக் கட்டினான். போகும்போது வாசலில் நின்று, அலமாரிப் பக்கம் பார்த்து, வரேம்மா என்றான். அவள் கேட்டோரம் நின்றிருந்தாள். பாதிப் பல் போன சிரிப்போடு, ஆங், போய்ட்டு வாங்க சார் என்றாள்.

சாயங்காலங்களில் பங்காரு ஸ்டேஷனுக்குப் போவதில்லை. வருகிறவர்கள் பூக்கடையில் வழி கேட்டு வந்துகொள்கிறார்கள். அந்த நேரத்தில் மோனிஷா காலை நீட்டி உட்காருவாள், அவன் அவள் முட்டிக்குத் தைலம் தேய்ப்பான். போன் நின்றுபோனதிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாக அவள் சொல்லிக்கொண்டு வருகிறாள். பையனுக்குப் பேர் வைத்ததைச் சொல்லியாயிற்று. இப்போதுதான் அவன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதுகொண்டிருக்கிறான்.