அங்கர் வீடு இரண்டு முறை நகர்ந்தது

எங்கள் ஆற்றுக்குப் பெல்லி என்று பெயர். ஆங்கிலத்தில் வயிறு என்று அர்த்தம். ஆகஸ்டில் பார்த்தால் பட்டினி கிடந்த வயிறுதான்; கூழாங்கற்கள் மேல் கால் வைத்து, காலணி நனையாமல் அக்கரை போய்விடலாம். ஜூனில் மலைப்பனி உருகி, மேலே மழையும் சேர்ந்துவிட்டால் எதைத் தின்றாலும் அதற்குப் போதாது. வேலி, மரம், வைக்கோல் போர், ஒருமுறை ஒரு மரப்பாலம் முழுசாக.

அதன் கரையில்தான் அங்கர் லுண்டும் அவர் மனைவி தோராவும் மாடு வளர்த்துக்கொண்டு இருந்தார்கள். கடல் கடந்து டென்மார்க்கிலிருந்து வந்து குடியேறியவர்கள். நான் அடுத்த பண்ணைக்காரன், அவர்களைவிட வயதில் ரொம்பச் சின்னவன்.

அங்கருக்கும் ஆற்றுக்கும் தீராத சண்டை. கரை அரிக்காமல் இருக்க, ஓடாத பழைய கார்களை எங்கெங்கிருந்தோ இழுத்துவந்து கரையோரம் கம்பியால் கட்டிப்போடுவார். வருஷத்துக்கு ஒன்றையாவது ஆறு பிடுங்கிக்கொண்டு போகும். அவர் தண்ணீரோரம் நின்று கத்துவார்.

"திருட்டுக் கழுதை! என் வண்டியக் குடுடி!"

"அதுகிட்ட பேசுறதுல பாதி என்கிட்ட பேசக் கூடாதா?" என்பாள் தோரா அக்கா.

"நீ என்னைக்கு என் நிலத்தத் தின்ன?"

ஒரு ஜூனில் மழை விடவே இல்லை. ஆறு காப்பி நிறத்தில் ஏறியது. அடியில் பாறைகள் உருளும் சத்தம் தூரத்து இடிபோல் கேட்டது. காலையில் நான் போய்ப் பார்த்தபோது வீட்டு வராந்தாவின் ஒரு மூலைக்குக் கீழே மண்ணே இல்லை.

வீட்டை அப்படியே மேட்டுக்கு இழுத்துவிடுவது என்று முடிவாயிற்று. பலகை வீடுதான், எங்கள் பக்கம் இது புதிதல்ல. தூக்கி நிறுத்தி, அடியில் இரண்டு நீளமான பைன் மரங்களைச் செருகி, என் டிராக்டரையும் அவருடையதையும் சங்கிலியால் பூட்டினோம். தோரா அக்கா வெளியே வர மறுத்துவிட்டாள்.

"பீங்கான் எல்லாம் உடைஞ்சிடும். நான் உள்ள நின்னு அலமாரியப் பிடிச்சுக்கறேன்."

"அக்கா, வீடு சாஞ்சிடுச்சுன்னா?"

"சாஞ்சா நானும் சாயறேன். நீ வண்டிய எடு தம்பி."

வீடு முனகியது, பிறகு சேற்றில் வழுக்கிக்கொண்டு வந்தது. ஜன்னலில் அவள் அலமாரியைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. சாயங்காலத்துக்குள் மேட்டில் ஏற்றிவிட்டோம். திரும்பிப் பார்த்தால், வீடு இருந்த இடத்தில் ஆறு. அங்கர் தொப்பியைக் கழற்றி அதில் வீசினார். "இந்தா, இதையும் தின்னு!"

வெள்ளம் வடிந்தபோதுதான் வேடிக்கை. ஆற்றையே காணோம். மேலே ஒரு வளைவை அறுத்துக்கொண்டு, மேய்ச்சல் நிலத்தின் மறுகோடி வழியாக, ஏறக்குறைய ஒரு மைல் தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. பழைய தடத்தில் கற்களும் குட்டைகளும்தான். துருப்பிடித்த கார்கள் வெறும் கல்லுக்குக் காவல் நின்றன. ஊரே சிரித்தது.

"ஜெயிச்சுட்டீங்களே!" என்றேன்.

"ஆமா," என்றார். முகத்தில் ஜெயித்த களை இல்லை.

அந்தக் கோடையில் அவர் மெலிந்துபோனார். மாடு தேடப் போகிறேன் என்று கிளம்புவார். மாடுகள் எல்லாம் கொட்டகையில் நிற்கும். ஒருநாள் நான் வேலி கட்டப் போனவன் பார்த்தேன். புதிய கரையில் ஒரு விழுந்த மரத்தில் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து மீனுக்குப் போட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில் ஆற்றைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன்.

தரை உறைந்ததும் என் வாசலில் வந்து நின்றார்.

"அந்தச் சங்கிலி இன்னும் உங்கிட்டதான இருக்கு?"

"இருக்கு. எதுக்கு?"

"தோராவுக்கு அங்க மனசு ஒட்டலையாம். ஆத்தோரமா போகணுங்கிறா. பொம்பள மனசு, என்ன பண்றது?"

மறுநாள் டிராக்டரோடு போனேன். "அக்கா, நீங்கதான் கேட்டீங்களாமே?"

"நானா?" அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆமான்னே வச்சுக்கோ. வீட்டுக்குள்ள இப்படி ஊமையாட்டம் திரியறவரோட ஒரு குளிர்காலம் முழுக்க என்னால முடியாது."

உறைந்த தரையில் வீடு சறுக்கு வண்டிபோல் ஓடியது. அங்கர் கரை விளிம்பு வரைக்கும் இழுக்கச் சொன்னார். தோரா அக்கா ஜன்னலைத் திறந்து கத்தினாள். "இதுக்கு மேல ஒரு அடி போச்சு, நான் இறங்கி நடந்து டென்மார்க்குக்கே போயிடுவேன்!"

அங்கேயே நிறுத்தினோம். நல்ல மேடு. அவள் அடுப்பு மூட்டிக் காப்பி போட்டாள். வீடு கொஞ்சம் சாய்ந்திருந்ததால் கோப்பைகளைக் கையால் பிடித்துக்கொண்டே குடித்தோம். அடிமரங்களை உருவட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அடுத்த ஜூனில் அங்கர் என் வீட்டுக்கு வேகுவேகென்று வந்தார். முழங்கால்வரை சேறு. வந்ததும் மேசையில் ஓங்கி அடித்தார்.

"பாத்தியாய்யா அந்தக் கழுதை பண்ணத? புது வேலி! போன வாரம் போட்டது! பாதியத் தின்னுட்டா!"

என் மனைவி வைத்த ஆப்பிள் கேக்கில் மூன்று துண்டு தின்றார். ஒவ்வொரு துண்டுக்கும் ஆற்றை ஒரு புது வார்த்தையால் திட்டினார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.