கூமாப்பட்டியில் இருக்கிறேன்

மில்லில் முதல் ஷிஃப்ட் முடித்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் சிவரஞ்சனி மம்சாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுச் செல்வலட்சுமி சாவியோடு வந்தாள்.

"ஒங்க அத்தை கூமாப்பட்டிக்குப் போயிட்டாக. லெட்டரைத் தபால்காரர்தான் வாசிச்சுச் சொன்னாரு. பாண்டிதுரை அண்ணன் அங்கதான் இருக்காகளாம்ல? எங்கிட்டயே மறைச்சிட்டியே, ஏட்டி!"

சிவரஞ்சனி சாவியை வாங்காமலே பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பினாள்.

சண்டை தொடங்கியதும் ராணுவ முகாமில் ஃபோன்களை வாங்கி வைத்துவிட்டார்கள். அதன் பிறகு கடிதம்தான். இருக்கும் இடத்தை எழுதக் கூடாது. அதிகாரி படித்த பின்புதான் உறையை ஒட்டுவார்கள். கடைசி லீவு முடிந்து ரயிலேறும்போது கணவன் பாண்டிதுரை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தான்: "சோழபுரம்னு எழுதினா பின்னால கேம்ப்ல இருக்கேன்னு அர்த்தம். கூமாப்பட்டின்னா சண்டைக்கு மலை மேல ஏத்திட்டாங்கன்னு வச்சுக்கோ. அம்மாட்ட சொல்லிராத."

வந்த இரண்டு கடிதத்திலும் சோழபுரம்தான். அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு மாமியாருக்கு வாசித்துக் காட்டியிருந்தாள். இந்தக் கடிதத்தை அவள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. மாமியாரின் மடியில் அது கூமாப்பட்டிக்கே போய்விட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறினாள். உட்கார இடம் இல்லை. பயந்ததில் வந்த அலுப்பு இல்லை இது. பயமில்லாத முகத்தை நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடந்த அலுப்பு. இந்நேரம் மாமியார் சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்தாள். பஸ் மெதுவாகவே போகட்டும் என்றிருந்தது.

கூமாப்பட்டியில் தம்பி முத்துப்பாண்டியின் தென்னந்தோப்பில், மோட்டார் ரூம் படியில் தூக்குச்சட்டியும் தானுமாக மாமியார் மாடத்தி உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா? பாண்டிதுரை இங்க இல்லவே இல்லேன்னு எந்தம்பி சாதிக்கான். நீயாவது நெசத்தச் சொல்லு. பட்டாளத்துல இருந்து ஓடி வந்துட்டானா? வந்தா என்ன? ஊரு பேசுனாப் பேசிட்டுப் போகுது. எம்புள்ள உசிரோட இருந்தாப் போதும்."

சிவரஞ்சனி கடிதத்தை வாங்கினாள். அவன் கையெழுத்துதான். 'கூமாப்பட்டியில் இருக்கிறேன். குளிர் பழகிவிட்டது.'

"குளிராம என்ன செய்யும்? மலையடிவாரம்ல!" என்றாள் மாடத்தி.

ஆமாம், ஒளிந்துதான் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு பொய்க்கு நாளைக்கு ஒன்பது பொய் வேண்டும். அவளிடம் அதற்குத் தெம்பு இல்லை. படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

மாடத்தி தோப்புக்கு மேலே தெரிந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதவிட உசரமா?"

"ரொம்ப உசரம் அத்தை."

"இத நீ ஒத்தையிலயா வச்சிருந்த?"

மாடத்தி தூக்குச்சட்டியைத் திறந்தாள். கோழிக்குழம்பு ஆறிப் போயிருந்தது.

"தின்னு. மில்லுல இருந்து வெறும் வயித்தோடதான வந்திருப்ப. இனி வார லெட்டர எழுதியிருக்கபடியே வாசி. ஒண்ணையும் முழுங்காத."

திரும்பும் பஸ்ஸில் மாடத்தி முந்திக்கொண்டு கண்டக்டரிடம் சொன்னாள்:

"சோழபுரம் ரெண்டு."

"இது ஸ்ரீவில்லிபுத்தூரோட சரி, ஆத்தா. சோழபுரத்துக்கு மாறித்தான் போகணும்."

"மாறிக்கிடுதோம்" என்றாள் மாடத்தி. மம்சாபுரம் என்று சிவரஞ்சனி திருத்தவில்லை.